எருமப்பட்டிக் கல்வீடும் இடிந்த ஈசானி மூலையும்

வைகாசி வெயிலில் எருமப்பட்டிக்குப் போனேன். காரணம், தங்கை கவிதாவின் புது வீடு. உண்மையான காரணம், அவள் கணவர் சண்முகம். பதினோரு ஆண்டுகளுக்கு முன் சேலத்தில் என் வீட்டுப் பால் காய்ச்சுக்கு வந்தவர், விருந்தாளிகள் நடுவே சுவரை விரலால் தட்டி, "ஹாலோ பிளாக்குங்களா மச்சான்?" என்றார். அவர் வீட்டுச் சுவரை நான் தட்டிப் பார்க்க அன்றிலிருந்து காத்திருந்தேன்.

சேலம் புதிய பேருந்து நிலையத்தில் ஏழு மணிக்கு ஏறினால் எட்டேகாலுக்கு நாமக்கல். அங்கிருந்து துறையூர் சாலையில் பதினைந்து கிலோமீட்டர் சொச்சம். இறங்கியதும் ஆட்டோ நூறு ரூபாய். பேரம் பேசினால் எண்பது. ஓட்டுநரிடம் "புதுசா கட்டின கல்வீடு" என்றேன்.

"தண்ணியில்லாத ஊடுங்களா? ஏறுங்க."

பயணம் எனக்கு அப்போதே பிடித்துவிட்டது.

வீட்டைக் குறை சொல்ல முடியவில்லை. பூச்சில்லாத கருங்கல் சுவர், ஒன்றரை அடி கனம். மேற்கே ஜன்னல் கிடையாது. கிழக்கே தரையிலிருந்து கூரை வரை கண்ணாடி. அறைகள் எல்லாம் நடு முற்றத்தைப் பார்க்கின்றன. உள்ளே நுழைந்ததும் உடம்பு குளிர்ந்தது. சுவரைத் தட்டினேன். விரல்தான் வலித்தது.

சண்முகத்துக்குச் சொந்தமாக ரிக் வண்டி இருக்கிறது, ஆழ்துளைக் கிணறு போடும் லாரி. பாதி இந்தியாவைத் துளைத்தவர். "நம்ம வண்டிதானே, எப்ப வேணாலும் போட்டுக்கலாம்" என்று டேங்கர் தண்ணீரிலேயே வீட்டைக் கட்டி முடித்துவிட்டார். சத்தீஸ்கர் போயிருந்த வண்டி இப்போதுதான் திரும்பியிருந்தது. இரண்டு நாளில், வியாழனன்று, பால் காய்ச்சு. வாஸ்துப்படி துளை விழ வேண்டியது வடகிழக்கு மூலையில். அந்த ஈசானி மூலையை வளைத்து, ஆளுயரத்துக்கு மேல், வாசலே இல்லாத கல் மதில். வாசல் கேட்டிலோ கார் மட்டும்தான் நுழையும். வண்டி தெருவில் நின்றது.

"டேங்கர் தண்ணியிலயே சமாளிச்சுப் போடலாம் சாமி" என்று சண்முகம் மனைவியிடம் கெஞ்சினார்.

"ஏனுங்க, ஊருக்கெல்லாம் தண்ணி எடுத்துக் குடுத்துப்போட்டு, நம்மூட்டு நிறைகுடத்துக்கு டேங்கருங்களா? நான் உள்ள காலெடுத்து வெக்க மாட்டேன். நீங்களே குடத்தைத் தூக்கிட்டுப் போங்க."

வீட்டை வடிவமைத்த பெங்களூர்க்காரரைத் தொலைபேசியில் பிடித்தார்கள். "அந்த மதில்தான் சார் இந்த டிசைனோட ஆன்மா" என்றார் அவர்.

கவிதா போனைப் பிடுங்கினாள். "அந்த ஆன்மா குளிக்க வேண்டாமுங்களா?"

சண்முகம் என் பக்கம் திரும்பினார். "மச்சான், நீங்க படிச்சவரு. நீங்களே சொல்லுங்க."

நான் படித்தவன் என்று அவர் ஒப்புக்கொண்டது அதுவே முதல் முறை.

"இடிச்சிரலாம் மாப்ள" என்றேன். யோசிக்கவே இல்லை.

மதில் இடிபடும்போது சண்முகம் காருக்குள் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். கவிதா வெளியே நின்று, "இன்னும் ரெண்டு அடி எடுங்க, வண்டி உரசும்" என்று வேலை வாங்கினாள். மாலையில், துளை நானூறு அடி தாண்டியதும், புகையாக வந்த பாறைத்தூள் சேறானது. பிறகு தண்ணீர் பீய்ச்சியடித்தது. பாதி இந்தியாவில் தண்ணீர் பார்த்த மனிதர் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். தண்ணீருக்கா, மதிலுக்கா என்று நான் கேட்கவில்லை. வியாழன் விடியலில் கவிதா நிறைகுடத்தோடு உள்ளே போனாள்.

கல்வீடு கட்ட நினைப்பவர்கள் முதலில் கிணற்றைப் போடுங்கள். ரிக் வண்டிக்குப் பன்னிரண்டு அடி வழி விடுங்கள். எந்த வீட்டையும் கோடையில் பார்த்துவிட்டுப் பிறகு ஆசைப்படுங்கள். ஒன்று நினைவிருக்கட்டும், இந்தச் சுவரில் ஆணி இறங்காது.

மொத்தத்தில் நல்ல வீடு. சண்முகத்திடம் இதைச் சொல்லவில்லை. இங்கே தைரியமாக எழுதலாம். என் பதிவு ஒன்றைக்கூட அவர் படித்ததில்லை. அதையும் நான் மறக்கப் போவதில்லை.