நோன்பு நாளின் குளிசைகள்

என் அண்ணனை நானா என்றுதான் கூப்பிடுவேன். அவருக்குத் திகனயில் புடவைக் கடை. மனநோய்க்காகப் பல வருடங்களாகப் பேராதனை ஆஸ்பத்திரியில் மருந்து எடுக்கிறார். நன்றாக இருக்கும் காலத்தில், துணியை அளந்து வெட்டி முடிப்பதற்குள் வந்தவரின் குடும்பம் முழுவதையும் விசாரித்துவிடுவார். ரமழான் பாதி கடந்ததும் அந்த மனிதர் மாறிவிடுவார். தூக்கம் போகும், பேச்சு வேகமாகும். பெருநாள் வியாபாரம் சூடு பிடிக்கும் நேரத்தில் கடை ஆட்களிடம் சத்தம் போடுவார், பிறகு அழுவார். போன பெருநாளையும் அதற்கு முந்தியதையும் வார்டில்தான் கழித்தார்.

வீட்டில் இதற்கு ஒரு விளக்கம் இருந்தது. நோன்பு மாதத்தில் ஷைத்தானைக் கட்டிப் போட்டிருக்கும். அப்படியும் வருகிறதென்றால் அது பெருநாள் வியாபாரத்தின் மேல் விழுந்த கண்ணூறு. ஒவ்வொரு வருடமும் தண்ணீர் ஓதிக் குடித்தார். இந்த முறை அவர் மனைவி, என் மதினி, நேரே சொல்லிவிட்டார்: “இன்னொரு பெருநாள வார்டுல கொண்டாட என்னால ஏலா. கடையப் பூட்டிட்டு உம்மா ஊட்டுக்குப் போயிருவேன்.”

நோன்புக்கு முன்பு வந்த கிளினிக் நாளில் மூவரும் போனோம். டொக்டர் யாழ்ப்பாணத்துப் பெண், அங்கே புதிதாக வந்தவர்.

“மருந்தை இடையிலை விட்டனீங்களோ?”

“இல்ல டொக்டர். ஒரு நாளும் விடல்ல.”

மதினி தலையாட்டினார். நானும் ஆட்டினேன்.

“நோன்பு வருதெல்லோ. அப்ப காலமைக் குளிசையை எத்தினை மணிக்குப் போடுவியள்?”

நானா அவரை வியப்போடு பார்த்தார். “நோன்பு புடிச்சிக்கிட்டு எப்பிடி டொக்டர் பகல்ல மருந்து குடிக்கிற?”

“அப்ப விடுறனீங்கள்.”

“விடறல்லயே. நோன்புதானே.”

“இரவுக் குளிசை?”

“அதக் குடிச்சா விடிய முந்தி சஹர் சாப்பாட்டுக்கு எழும்ப ஏலாதே.”

நானா பொய் சொல்லவில்லை. முந்திய டொக்டர்கள் அந்த முதல் கேள்வியை மட்டும் கேட்டார்கள். இதே பதிலைக் கேட்டு எழுதிக்கொண்டார்கள். நோன்புக்காக நிறுத்துவது நிறுத்துவதாகும் என்று எங்கள் வீட்டில் யாருக்கும் தோன்றியதில்லை.

டொக்டர் ஒரு குளிசையை மாற்றினார். ஒன்றை மாலையில் நோன்பு திறந்ததும், மற்றதை இரவுத் தராவீஹ் தொழுத பிறகு எடுக்கச் சொன்னார். புதிய ஒழுங்கை இப்போதே தொடங்க வேண்டும், நோன்பு முடியும்வரை அடிக்கடி வந்து காட்ட வேண்டும். “நித்திரை குறைஞ்சால் அண்டைக்கே நோன்பை விட்டிட்டு இங்கை வரவேணும். ஓமோ?”

நானா மருந்துத் துண்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். பஸ்ஸில் என்னிடம் சொன்னார்: “நோன்ப விட்டா ஊரு என்ன சொல்லும்? பைத்தியத்துக்கு நோன்பும் இல்லண்டு சொல்லும்.”

அன்று மாலை அஸர் தொழுகைக்குப் பின் பள்ளி ஹஸரத்திடம் அதையே சொன்னார். ஹஸரத் அவரைப் பக்கத்தில் உட்கார வைத்தார். “சீனி வருத்தக்காரர் நோன்ப விட்டா யாரும் பேசறல்ல. ஒங்கட வருத்தத்துக்கு மட்டும் தனிச் சட்டமா? நோயாளிக்கு அல்லாஹ் சலுகை குடுத்தீக்கிறான். பொறகு வேற நாள்ல புடிச்சிக் களாச் செய்ங்க.”

அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்ஆவில், “சீனிக்கு, பிரஷருக்கு, மனசுக்கு மருந்து குடிக்கிறவங்க டொக்டரக் கேக்காம நிப்பாட்ட வாணாம்” என்றார். மூன்றையும் ஒரே மூச்சில் சொன்னார். எனக்கு முன்னால் இருந்த இருவர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

நோன்பின் முதல் வாரம். பள்ளி விறாந்தையில் கஞ்சிக் கோப்பைகளுக்கு முன் வரிசையாக உட்கார்ந்திருந்தோம். பாங்கு சொன்னதும் நானா ஈச்சம்பழத்தைக் கடித்து, சட்டைப் பையிலிருந்து குளிசையை எடுத்தார். பக்கத்தில் கோழிக்கடைக்காரர்.

“என்ன நானா, பிரஷரா?”

“இல்ல. மனசுக்கு.”

நான் கோப்பையைக் கீழே வைத்தேன்.

“அப்ப எனக்கும் ஒன்னு தாங்க. பொஞ்சாதி பேசத் தொடங்கினா எனக்கு மனசே இல்ல.”

“அவவுக்குத்தான் குடுக்கோணும். ஒங்களோட குடும்பம் நடத்துறாவே.”

வரிசை முழுவதும் சிரித்தது.

தொழுகை முடிந்து செருப்புத் தேடும்போது அதே கோழிக்கடைக்காரர் வந்தார். இப்போது சிரிக்கவில்லை. “நானா, அந்தக் கிளினிக் எந்தக் கெழம? என்ட மகள் அறைய உட்டு வாரல்ல. ஓதியும் பாத்தாச்சி.”

“ஓதறத உட வாணாம். கிளினிக் புதன்கிழம. நானும் வாரேன்.”

நோன்பின் கடைசிப் பத்து நாளில், ஒரு காலையில் நானா தானே மதினியிடம் சொன்னார்: “ராவு தூக்கம் வரல்ல.” முந்திய வருடங்களில் அதை மறைப்பார். மதினி பிளேன்டீ ஊற்றி அவர் முன்னால் வைத்தார். நானா அந்தக் கோப்பையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு அன்றைய நோன்பை விட்டு, பிஸ்மி சொல்லிக் குடித்தார்.

அன்று கிளினிக் நாள், புதன்கிழமைதான். பஸ் தரிப்பிடத்தில் கோழிக்கடைக்காரரும், ஒருவழியாக அறையை விட்டு வந்த மகளும் நின்றார்கள். நோன்பு நேரத்தில் நானாவின் கையில் தண்ணீர்ப் போத்தல். அந்தப் பிள்ளை அதையே பார்த்தது. “எனக்கு இன்டைக்கு லீவு, மகள்” என்றார் நானா. பிள்ளை முகத்திரைக்குள் சிரித்ததாக எனக்குப் பட்டது. உறுதியாகச் சொல்ல முடியாது.

டொக்டர் இரவுக் குளிசையைக் கொஞ்சம் கூட்டி, சில நாள் நோன்பை விடச் சொன்னார். நானா விட்டார். பெருநாளுக்கு முந்திய மாலை நான் கடைக்குப் போனபோது உள்ளே நிற்க இடமில்லை. கழுத்தில் அளவு நாடாவோடு நானா ஒரு கிழவியிடம் அவருடைய மருமகளின் சுகம் விசாரித்துக்கொண்டிருந்தார். மதினி கல்லாவில் இருந்தார். என்னைக் கண்டதும், “சும்மா நிக்காம அந்தத் துணிய மடிங்க” என்றார்.