வெளியே சொல்லக்கூடாத பூசணம்

ரவிக்கைக்கு அளவெடுத்த தையல்காரப் பெண், என் வலது தோள் இடது தோளைவிடத் தடித்திருக்கிறது என்றாள். கையை மேலே தூக்கிச் செய்கிற வேலை ஏதாவது செய்கிறேனா என்று கேட்டாள். ஏலக்காய்த் தோட்டத்துக்காரன் மனைவி, மூட்டை தூக்கியிருப்பாள் என்று நினைத்திருக்கலாம். பதினொரு வருடமாகப் பாத்ரூம் கூரையைத் தேய்த்துக்கொண்டிருக்கிறேன் என்று அவளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வெளியே சொல்லக்கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம். சட்டம் போட்டவர் என் கணவர்.

நான் பிறந்தது கொழிஞ்சாம்பாறைப் பக்கம். அங்கே துவைத்த துணியைக் கொடியில் போட்டுவிட்டு ஒரு வாய் காபி குடித்துவிட்டு வந்தால் காய்ந்திருக்கும். பூசணம் என்றால் எங்களுக்கு ஊறுகாய் ஜாடியில் வருவது, அதுவும் ஈரக் கரண்டி போடுகிற சோம்பேறிகளுக்கு வருவது. கல்யாணமாகி மலைமேல் இருக்கிற வண்டன்மேட்டுக்கு வந்த முதல் மழைக்காலத்தில் தலைக்குக் குளித்துக்கொண்டே அண்ணாந்து பார்த்தேன். மூலையில் மிளகு சிதறிய மாதிரி கறுப்புப் புள்ளிகள். ஒரு வாரத்தில் அந்த மூலையே கறுத்துப்போனது. சோம்பேறி நான்தான் என்று நினைத்துக்கொண்டு தேய்க்க ஆரம்பித்தேன்.

அம்மாவுக்குப் போன் போட்டேன்.

"ஏங் கண்ணு, ஊட்டுக்குள்ள மேல எப்புடி ஈரம் வரும்? நீ என்ன, தண்ணிய அண்ணாந்து வீசியா குளிக்கறே?"

"இல்லீம்மா. இங்க சும்மாவே வருது."

"அப்ப எடுத்துக் கொஞ்ச நேரம் வெயில்ல போடு. செரியாப் போயிரும்."

"எதைம்மா போடறது? கூரையையா?"

அம்மா, அதுவும் செரிதான் என்று போனை வைத்துவிட்டார்.

பிளீச்சிங் பவுடர் போட்டேன். கண்ணெல்லாம் எரிந்தது, பூசணம் இரண்டு வாரத்தில் திரும்பி வந்தது. வினிகர் தடவினேன். பாத்ரூம் ஊறுகாய் ஜாடி மாதிரியே மணந்ததுதான் மிச்சம். சுண்ணாம்பு அடித்தோம். டவுனில் பெயிண்ட் கடைக்காரர், பூசணமே பிடிக்காத பெயிண்ட் என்று ஒரு டப்பாவைக் கொடுத்து, அஞ்சு வருஷத்துக்கு அண்ணாந்தே பாக்க வேண்டாம் என்றார். ஒரே மழைக்காலத்தில் அந்தப் பெயிண்ட் பூசணத்தோடு சேர்ந்து அப்பளம் அப்பளமாக என் தலையில் விழுந்தது. ஸ்டூல் மேல் ஏறி, முகத்தில் துணி கட்டி, மேலே பார்த்துத் தேய்க்கும்போது கறுப்புத் தண்ணீர் முழங்கை வழியாக இறங்கி ரவிக்கைக்குள் போகும். அந்தத் தண்ணீர் உள்ளே இறங்கும்போதெல்லாம் எனக்கு யாரையாவது கெட்ட வார்த்தையில் திட்ட வேண்டும் போலிருக்கும். யாரை என்றுதான் தெரியாது.

சட்டம் வந்த கதையைச் சொல்கிறேன். எங்கள் வீட்டில் காய்ந்த ஏலக்காய் மூட்டைகள் அடுக்கும் அறையும் பாத்ரூமும் ஒட்டி ஒட்டி இருக்கின்றன. நடுவில் ஒரே சுவர். முதல் வருடம், வழக்கமாக எங்களிடம் காய் எடுக்கிற போடி வியாபாரி வந்தார். மூட்டையில் கையை விட்டு ஒரு பிடி அள்ளிக் குலுக்கினார். நன்றாகக் காய்ந்த காய் கலகலவென்று சத்தம் போடும். போட்டது. ஒன்றை உடைத்து மென்று தலையாட்டினார். பேச்சு முடிந்து, கிளம்பும் முன் பாத்ரூம் போனார். வெளியே வந்தவர் நேராக மூட்டைக்குத் திரும்பிப் போனார். இந்தத் தடவை முழங்கை வரை கையை விட்டு அடியிலிருந்து அள்ளி மோந்து பார்த்தார். பிறகு வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். வரவேயில்லை.

"இந்தா, இனிமே பாத்ரூம்ல பூசணம்ங்கிற பேச்சே வெளிய போகக்கூடாது," என்றார் என் கணவர். "வீட்ல பூசணம்னா காய்லயும் இருக்கும்னு பேசிருவாய்ங்க. காயி பேரு ஒரு தடவ கெட்டுச்சுன்னா அவ்வளவுதான்."

அந்தக் காயில் ஒரு பொட்டு பூசணம் கிடையாது. எப்படி இருக்கும்? மூட்டைக்குக் கீழே பலகை, பலகைக்கு மேலே பிளாஸ்டிக் தாள், மழைக்காலத்தில் இரவு பகலாக எரிகிற பல்பு. அந்த அறைக்கு நடக்கிற ராஜ மரியாதையில் கால்வாசி எனக்கு நடந்திருந்தால் நான் இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

இன்னொன்று கேளுங்கள். காய் உலர்த்துகிற கட்டடத்தை இங்கே ஸ்டோர் என்பார்கள். பச்சைக் காயைத் தட்டுகளில் பரப்பி அடுப்பு மூட்டியதும், முதல் சில மணி நேரம் மேல் ஜன்னல்களைத் திறந்துவைக்க வேண்டும். காயிலிருந்து கிளம்புகிற ஆவி வெளியே போயாக வேண்டும். போகாவிட்டால் காய் தன் தண்ணீரிலேயே வெந்து நிறம் மங்கிவிடும். ஒருமுறை வேலைக்காரர் ஒருவர் ஜன்னலைத் திறக்க மறந்துவிட்டார். என் கணவர் போட்ட சத்தம் அடுத்த தோட்டம் வரை கேட்டது. அதே மனிதர்தான் பாத்ரூமில் இருந்த ஒரே ஒரு காற்றுத் திறப்பில் பிளைவுட் பலகையை வைத்து ஆணி அடித்தவர். வெந்நீரில் குளித்துக்கொண்டிருக்கும்போது சாரல் காற்று முதுகில் அடிக்கிறதாம். கதவைச் சாத்திக்கொண்டு, அண்டா வெந்நீரை அரை மணி நேரம் ஊற்றிக் குளிப்பார். கண்ணாடியைக் கழற்றிவைத்துவிட்டுக் குளிப்பதால் மேலே அது எவ்வளவு பரவியிருக்கிறது என்று அவர் கண்ணால் பார்த்ததும் இல்லை.

"ஏனுங்க, ஸ்டோர்ல ஆவி வெளிய போகோணும்னு அந்தச் சத்தம் போடறீங்க. இங்க இருக்கற ஆவி எங்கீங்க போகும்?"

"காயும் மனுசனும் ஒண்ணா?"

"அதையேதானுங்க நானும் கேக்கறேன்."

அவர் துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போய்விட்டார்.

இரண்டு வருடத்துக்கு முன் அவருக்கு இருமல் ஆரம்பித்தது. பிறகு இழுப்பு. அடுப்புப் புகை என்றார், மழை என்றார், நான் குழம்பில் புளி அதிகம் போடுகிறேன் என்றுகூடச் சொன்னார். டவுனில் ஒரு சின்ன ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டரம்மா மலையாளி, நாங்கள் தமிழ் என்பதால் தமிழிலேயே பேசுவார். மார்பில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, "வீட்டில ஈரம் உண்டோ? சுவரில, கூரையில பூப்பல், பூசணம் மாதிரி ஏதாவது?" என்றார்.

"இல்ல டாக்டர். வீடு நல்லாக் காஞ்சு கெடக்கு."

நான் அவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. வெளியே வந்ததும் காரணம் சொன்னார். டாக்டர் அறைக்குக் கதவு கிடையாது, ஒரு திரைதான். திரைக்கு அந்தப் பக்கம் பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்கள் எல்லாம் ஏலக்காய்க்காரர்கள். இங்கே சொன்னால் சாயங்காலத்துக்குள் கடைத்தெரு முழுக்கப் பரவிவிடும். நானும் வாயை மூடிக்கொண்டேன். அதை நினைத்தால் இன்றைக்கும் என் மேலேயே எனக்குக் கோபம் வருகிறது. அடுத்த தடவையும் டாக்டரம்மா அதையே கேட்டார், இவரும் அதையே சொன்னார், மருந்தின் அளவு கூடியது. வீட்டுக்கு வந்து நான் ஸ்டூலில் ஏறினேன்.

இந்த வருடம் மழை ஆரம்பித்து மூன்றாவது வாரம். காலையில் குளித்துவிட்டு வெளியே வந்தவர், சட்டை போடக் கையைத் தூக்கினார், தூக்க முடியவில்லை. கட்டிலில் உட்கார்ந்து இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டார். விலா எலும்புகள் உள்ளே போய் வருவது தெரிந்தது. உதடு நிறம் மாறியிருந்தது. பேச முயன்றார், ஒவ்வொரு வார்த்தையாகத்தான் வந்தது. பக்கத்துத் தோட்டத்து ஜீப்பைக் கூப்பிட்டு, அந்த வளைவுகளில் எல்லாம் அவர் முதுகைப் பிடித்துக்கொண்டே போனேன். போய்ச் சேருவதற்குள் செத்துவிடுவார் என்றுதான் நினைத்தேன்.

மூக்கிலும் வாயிலும் மாஸ்க் வைத்து, மருந்துப் புகையை உள்ளே விட்டார்கள். கால் மணி நேரத்தில் கண்ணைத் திறந்தார். டாக்டரம்மா குனிந்து, கொஞ்சம் கண்டிப்பாகவே, மறுபடியும் அந்தக் கேள்வியைக் கேட்டார். வீட்டில ஈரம் உண்டோ?

மாஸ்க்கோடு, வாய் பேச முடியாத நிலையில், என் கணவர் இல்லை என்று தலையை ஆட்டினார்.

"இருக்குதுங்க," என்றேன். என் குரல் திரையைத் தாண்டிப் போகிறது என்று எனக்குத் தெரியும். போகட்டும் என்றுதான் சொன்னேன். "பாத்ரூம் கூரை பூராவும் பூசணமுங்க. பதினோரு வருசமா இருக்குது. நான்தான் தேச்சுட்டிருக்கறேன். காத்துப் போற ஓட்டையில இவரே ஆணி அடிச்சு வெச்சிருக்கறாருங்க. காய் பேரு கெட்டுப்போகும்னு உங்ககிட்ட ரெண்டு வருசமாப் பொய் சொல்றாருங்க. நானும் பக்கத்துல நின்னு கேட்டுட்டு இருந்தனுங்க."

திரைக்கு அந்தப் பக்கம் பேச்சு நின்றது. டாக்டரம்மா எதையோ நீளமாக எழுதினார். என் கணவர் மாஸ்க்குக்கு மேலே தெரிந்த இரண்டு கண்ணாலும் என்னை எரித்தார். எரிக்கிற அளவுக்குத் தெம்பு வந்துவிட்டதே என்று எனக்கு நிம்மதியாக இருந்தது.

மருந்து வாங்க வெளியே வந்தேன். பெஞ்சிலிருந்து ஓர் அம்மா எழுந்து என் பின்னாலேயே வந்தார். பெரிய தோட்டத்துக்காரர் வீடு, கோவிலில் பார்த்தால் தலையசைத்துக்கொள்கிற பழக்கம். ஏதோ சொல்லப்போகிறார் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டார்.

"நீங்க என்ன போட்டுத் தேய்க்கிறீங்க? எங்க வீட்ல எது போட்டாலும் திரும்பத் திரும்ப வருது."

எனக்கு அந்த இடத்திலேயே உட்கார்ந்து அழலாம் போலவும், அவரைப் பிடித்து உலுக்கலாம் போலவும் இருந்தது. எத்தனை வருடம். எத்தனை ஸ்டூல்.

வீட்டுக்கு வந்து இரண்டு நாள் அவர் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் நான் ஸ்டூலைப் பாத்ரூமில் போட்டு, அவர் கண்ணாடியை அவர் கையில் கொடுத்தேன்.

"ஏறிப் பாருங்க."

"எனக்கு இழுப்பு. தெரியுமில்ல?"

"ஒரு நிமிசம் போதுமுங்க."

ஏறினார். அண்ணாந்தார். மூட்டையில் கை விடாமலே, பக்கத்தில் நின்றே காய் சரியில்லை என்று சொல்லிவிடுகிற மூக்கு அது. ஒரே ஒரு மூச்சு இழுத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு இறங்கினார்.

"இந்த வாட ஒரு மூட்டையில அடிச்சா, மூட்டையவே தூக்கி வெளிய போட்ருவேன்," என்றார்.

"உங்களத் தூக்கி வெளிய போட எனக்குத் தெம்பில்லீங்க."

அவர் சிரிக்கவில்லை. நானும் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை. அன்றைக்கே கொத்தனாருக்குப் போன் போட்டார்.

கொத்தனார் கீழே கம்பம் ஊரிலிருந்து மலையேறி வந்தார். பலகையைப் பிடுங்கிப் போட்டார். திறப்பைப் பெரிதாக்கி, காற்றை வெளியே தள்ளுகிற ஃபேன் வைக்கச் சுவரில் வட்டம் வரைந்தார். உளியை எடுத்தவர், வாசல் பக்கம் ஒருதரம் எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"வெளிய கேட்டா என்னன்னு சொல்லணும்ணே? இந்தப் பக்கம் இது மாதிரி நாலு வீட்ல போட்டுருக்கேன். ஒரு வீட்ல கேமராவுக்கு ஒயர் இழுக்கன்னு சொல்லச் சொன்னாங்க. ஒரு வீட்ல குழாய் ஒடஞ்சிருச்சுன்னு. நீங்க எப்படிச் சொல்லச் சொல்றீங்களோ, அப்படியே சொல்லிக்கிறேன்."

என் கணவர் பையிலிருந்து இன்ஹேலரை எடுத்து மருந்தை உறிஞ்சினார். டாக்டரம்மா சொல்லிக்கொடுத்தபடி மூச்சை அடக்கிக்கொண்டு நின்றார். நான் கொத்தனாரைப் பார்க்கவில்லை, இவரைத்தான் பார்த்தேன். மெதுவாக மூச்சை விட்டார்.

"பூசணம்னு சொல்லு," என்றார். "எவன் வீட்லன்னு கேட்டா, என் வீட்லன்னு சொல்லு."