நந்தியின் இன்னொரு காது

இன்று அலுவலக வளாகத்தில் புல் வெட்டினார்கள். அந்த ஈர வாசனை என்னை இரும்புலியூர் சிவன் கோயிலுக்குக் கொண்டுபோனது. சாலையை அகலப்படுத்தியபோது அந்தச் சின்னக் கோயில் இல்லாமல் போய்விட்டது. பிரதோஷ மாலைகளில் அங்கே நந்திக்கு அருகம்புல் மாலை, பாலும் விபூதியும் வழியும் கருங்கல் முதுகு, பஸ் ஹாரன்களுக்கு நடுவே மணியோசை, வேண்டுதலைக் காதில் சொல்லக் காத்திருக்கும் வரிசை.

நந்தியின் ஒரு காதில் சொல்லும்போது அதன் மறு காதை எல்லோரும் கையால் பொத்துவார்கள். சிறுமியாக இருந்தபோது ஒரு நாள், ஏன் என்று கேட்டேன்.

"இல்லைன்னா சொன்னது அந்தப் பக்கமா வெளிய போயிடும்டி," என்றாள் அம்மா.

கல்லுக்குள் வழி எப்படிப் போகிறது, சொன்னது சிவனிடம் எப்போது போய்ச் சேரும் என்றெல்லாம் யோசித்துக்கொண்டே நின்றேன். அன்று அம்மாவின் ஒரு கையில் தூங்கும் தம்பி, மறு கையில் அர்ச்சனைத் தட்டு.

"நீ பொத்து," என்றாள்.

அவள் முணுமுணுத்தது எனக்கும் கேட்டது. நாக்பூரில் வேலை பார்க்கும் அப்பாவுக்கு இந்த ஊருக்கே மாற்றல் கிடைக்க வேண்டும்.

அம்மா நகர்ந்ததும் வரிசையில் பின்னால் நின்ற ஒரு அக்கா, "பாப்பா, கைய எடும்மா, நாங்களும் சொல்லணும்ல," என்றாள்.

"இன்னும் போய்ச் சேர்ந்திருக்காதுக்கா," என்று நந்தியின் காதை இரண்டு கைகளாலும் அழுத்திப் பொத்திக்கொண்டேன்.