அனந்தமதி காய்ச்சிக் கொடுத்த தண்ணீர்

செஞ்சியில் நாலு வருஷம் மூக்கைப் பொத்திக்கொண்டே வாழ்ந்தவள் அனந்தமதி. அவளுக்கு என்ன வியாதி என்று கேட்காதீர்கள். அவளுக்கு ஒன்றும் இல்லை. நாற்றம் பக்கத்து மில்லிலிருந்து வந்தது. அதை நிறுத்தச் சொல்லி அவள் எந்தெந்தச் சட்டத்தின் கதவைத் தட்டினாள், கதவைத் திறந்தவர்கள் அவள் கையில் எதைக் கொடுத்து அனுப்பினார்கள் என்பதுதான் கதை. சொல்ல ஆரம்பிக்கும்போதே எனக்கு வாயில் எச்சில் ஊறுகிறது, துப்புவதற்கு.

அவள் பிறந்தது மேல்சித்தாமூர்ப் பக்கம் ஒரு தமிழ்ச் சமண நயினார் வீட்டில். பதினாறு வயதில் செஞ்சியில் வாழ்க்கைப்பட்டாள். புருஷன் சீதளநாதன் மணிலாக்கொட்டை வியாபாரி, வேர்க்கடலைதான். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தெட்டில் மஞ்சள் காமாலையில் போய்விட்டார். ஒரே மகள் ராஜமதியைத் திண்டிவனத்தில் கட்டிக்கொடுத்தாயிற்று. மிச்சம் இருந்தது ஒன்றரை ஏக்கர் நிலமும், ஒரு ஓட்டு வீடும், கொல்லையில் ஒரு கிணறும். சமணப் பொம்பளை, பொழுது சாய்ந்தால் ஒரு பருக்கை வாயில் வைக்கமாட்டாள், கிழங்கு தொடமாட்டாள். கிணற்றில் இறைத்த தண்ணீரை மடித்த துணியில் வடிகட்டுவாள். துணியில் நின்ற பூச்சி பொட்டு சாகக்கூடாதென்று துணியை அதே கிணற்றுத் தண்ணீரில் அலசி, அலசின தண்ணீரை அதே கிணற்றுக்குள் இறக்கிவிடுவாள். வடிகட்டியதைக் காய்ச்சி, ரெண்டு கிராம்பு தட்டிப் போட்டு வைப்பாள். அதைத்தான் அவளும் குடிப்பாள், வாசலில் வந்து நிற்கிறவனுக்கும் கொடுப்பாள். வடிகட்டாத தண்ணீரை அவள் கையால் யாரும் வாங்கிக் குடித்ததில்லை.

அறுபத்திரண்டில் அவள் வீட்டுக்குப் பின்னால் மில் வந்தது. வைத்தவர் வேறு யாருமில்லை, நேமிராஜ், சீதளநாதனின் சித்தப்பா மகன். அனந்தமதியை அண்ணி, அண்ணி என்று கூப்பிடுகிற மனுஷன். நெற்றியில் சந்தனம் காயாது. அவரும் பொழுதோடு சாப்பிடுவார், அவரும் துணியில் வடிகட்டித்தான் குடிப்பார். மில்லுக்கு வைத்த பெயர் அகிம்சா ரைஸ் மில். சிரிக்காதீர்கள், நிஜமாகவே போர்டு எழுதி வைத்திருந்தார்.

புழுங்கல் அரிசி சாப்பிடுகிற நமக்கெல்லாம் தெரிய வேண்டிய விஷயம் ஒன்று. நெல்லை சிமெண்டுத் தொட்டியில் மூணு நாள் ஊறப்போடுவார்கள். அந்த ஊறத்தண்ணி திறந்துவிடும்போது மஞ்சளாக, நுரையோடு, குழந்தை கக்கின பால் வெயிலில் புளித்த மாதிரி வரும். அதை எங்கே விடுவது? நேமிராஜ் யோசிக்கவே இல்லை. பின்பக்கம் ஒரு வாய்க்கால் வெட்டி அல்லிக்குட்டையில் விட்டார். குட்டைக்கும் அனந்தமதியின் கிணற்றுக்கும் நடுவில் இருபது கஜம்கூட இல்லை. குட்டை நிறைந்தால் கிணறு ஊறும், அது அந்தத் தெருவில் எல்லோருக்கும் தெரியும்.

அறுபத்து மூணு ஐப்பசியில் கிணற்றுத் தண்ணீர் வழவழவென்று ஆனது. தை மாதம் வடிதுணியில் சிவப்புப் புழு வந்தது. அடுத்த கோடையில் குட்டையில் இருந்த கெண்டை, கெளுத்தி எல்லாம் வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தன. காக்காய்கூட ரெண்டு கொத்து கொத்திவிட்டுப் பறந்துவிட்டது. அனந்தமதி குட்டைக் கரையில் நின்று பார்த்தாள். நேரே மில்லுக்குப் போனாள்.

“தம்பி, குட்டையில அத்தனை உசிரும் செத்துப் போச்சு. உனக்கு இன்னா, கண்ணு தெரியலியா?”

நேமிராஜ் எழுந்து நின்று கும்பிட்டார். மரியாதைக்குக் குறைவில்லை. “அண்ணி, நான் ஒரு எறும்பை மிதிச்சிருப்பேனா? அது வெறும் நெல்லுத்தண்ணி. வெயிலுக்கு மீனு சாவுது, அதுக்கு நான் இன்னா பண்றது?”

படிக்கிறது தேவாரம், இடிக்கிறது சிவன் கோயில் என்பார்கள். இங்கே தேவாரத்துக்குப் பதில் வேறு பாட்டு, அவ்வளவுதான்.

அன்றிலிருந்து அவள் தாலுக்கா ஆபீஸ் வாசலுக்கு நடக்க ஆரம்பித்தாள். புளியமரத்தடியில் மனு எழுதுகிற தனகோட்டி உட்கார்ந்திருப்பார். வெற்றிலையும் சட்டமும் ஒரே பெட்டியில் வைத்திருக்கிற ஆள்.

“அம்மா, மீனுக்கு வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம் ஒண்ணு இருக்குது. ஆயிரத்து எண்ணூத்துத் தொண்ணூத்தேழு. தண்ணியில விஷம் கலந்தா ஜெயில்” என்றார்.

அவள் முகம் மலர்ந்தது. “அப்ப எழுதுங்க.”

“அவசரப்படாதீங்க. மீனைப் புடிக்கணும், இல்ல கொல்லணும்னு எண்ணத்தோட கலந்திருக்கணும். நேமிராஜ் நயினாரு மீனு புடிக்கவா தொட்டியைத் தொறந்தாரு? மீன் வாசனையே ஆகாது அவருக்கு. கோர்ட்டுல நிக்காது.”

கேட்டீர்களா? கொல்ல நினைத்துக் கொன்றால்தான் குற்றம். நினைக்காமல் ஒரு குட்டையையே கொன்றால் குற்றமில்லை. இந்தச் சட்டத்தை எழுதினவன் எந்தக் குட்டைத் தண்ணியைக் குடித்தான் என்று எனக்குத் தெரியவேண்டும்.

அப்புறம் அவள் செஞ்சிக் கோட்டைக்குப் போனாள். அங்கே காவலாள் விநாயகம், தெரிந்தவன்தான். வாசலில் நீலப் போர்டு இருந்தது: இது பாதுகாக்கப்பட்ட சின்னம், கிறுக்கினால், சிதைத்தால், மூன்று மாதம் சிறை. ஐம்பத்தெட்டில் வந்த சட்டம்.

“விநாயகம், கல்லுல பேரு எழுதுனா ஜெயிலு. தண்ணியில எழவைக் கொட்டுனா?”

“யம்மா, எங்க சட்டம் போர்டுக்கு இந்தப் பக்கம்தான். உங்க குட்டை அந்தப் பக்கம் இருக்குதே” என்று அவன் பாவமாகச் சொன்னான். “குட்டையிலயும் ராஜா காலத்துப் படிக்கட்டு ரெண்டு இருந்தா சொல்லுங்க, எழுதிப் பார்ப்போம்.”

படிக்கட்டு இல்லை. வெறும் தண்ணீர்தான் இருந்தது. அதற்கு அந்த நாளில் இந்த நாட்டில் நாதியில்லை. தண்ணீர் கெடாமல் காப்பதற்கென்று தில்லியில் ஒரு சட்டம் வர எழுபத்து நாலு ஆக வேண்டியிருந்தது. நம் பக்கத்துக்கு அதைக் கவனிக்க ஒரு வாரியம் வந்து சேர்ந்தது எண்பத்திரண்டில். மில்காரன் தொட்டியைத் திறக்க ஐந்து நிமிஷம் போதும். கணக்கைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கடைசியில் தனகோட்டிதான் வழி சொன்னார். முப்பத்தொன்பதில் வந்த பொதுச் சுகாதாரச் சட்டம் ஒன்று இருக்கிறது. குடிதண்ணீர் கெட்டுப்போனதாக நிரூபித்தால் கெடுத்தவன்மேல் நடவடிக்கை எடுக்கலாம். மனு போயிற்று. ஒன்பது மாதம் கழித்து, அறுபத்தைந்தில், சுகாதார இன்ஸ்பெக்டர் ராஜாங்கம் ஆபீஸுக்கு வரச்சொன்னார். ஆள் கஞ்சி போட்ட சட்டை, விறைப்பு. கிணற்றை வந்து பார்க்க அவருக்கு நேரமில்லை.

ஒரு கண்ணாடி பாட்டிலை மேஜைமேல் வைத்தார். “இந்தாம்மா. உங்க கெணத்துத் தண்ணியை இதுல ரொப்பி நாளைக்குக் கொண்டாங்க. மெட்ராஸுக்கு அனுப்புறேன். கிருமி இருக்குதுன்னு எழுதி வந்துடுச்சுன்னா மில்லுக்கு நோட்டீஸ் விட்டுடறேன்.”

பாட்டிலைப் பார்த்ததும் அவளுக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. இத்தனை அலைச்சலில் முதல் தடவையாக ஒரு ஆபீஸர் அவள் கையில் ஏதோ கொடுத்திருக்கிறார். தன் கிணற்றுத் தண்ணீரை இனிமேல் மறுபடி குடிக்கலாம் என்று அன்றைக்குத்தான் நம்பினாள். அதற்குள் அவள் குடிக்கிற தண்ணீர் ஒரு மைல் தள்ளி வேறொரு கிணற்றிலிருந்து குடத்தில் வந்துகொண்டிருந்தது.

மறுநாள் விடியலில் குளித்தாள். நாறுகிற கிணற்றில் வாளியைவிட்டு இறைத்தாள். பாட்டில் வாயைத் திறந்து பிடித்தபோது கை நின்றுவிட்டது. வாளிக்குள் புழு நெளிகிறது. இதை அப்படியே அடைத்து, ஆபீஸ், பஸ் என்று நாலு நாள் வெயிலில் அனுப்பினால் உள்ளே இருக்கிறதெல்லாம் மூச்சுமுட்டிச் சாகாதா? அந்தப் பாவம் யார் கையில்? அதுவும் ஒரு மனுஷர் கையில் கொடுக்கிற தண்ணீர். நாற்பது வருஷம் பழகின கை. துணியை மடித்து மூணு தடவை வடிகட்டினாள், துணியைக் கிணற்றில் அலசிவிட்டாள், தண்ணீரைப் பொங்கப் பொங்கக் காய்ச்சினாள், ஆறவைத்துத் தெளிய இறுத்தாள், ரெண்டு கிராம்பு போட்டாள். பாட்டிலை நிரப்பி, வாயில் சுத்தமான துணி கட்டி, பத்திரமாகக் கொண்டுபோய்க் கொடுத்தாள். ஊரில் வேறு எவளும் இப்படிச் செய்திருக்கமாட்டாள். புழுவோடு ரொப்பி மூஞ்சியில் வைத்திருப்பாள்.

ஒன்றரை மாதத்தில் ரிப்போர்ட் வந்தது. ராஜாங்கம் கூப்பிட்டனுப்பினார். நேமிராஜும் அங்கே நாற்காலியில் இருந்தார்.

“கிருமி ஒண்ணுகூட இல்ல. குடிக்கத் தகுந்ததுன்னு எழுதியிருக்குது” என்று ராஜாங்கம் காகிதத்தைத் தட்டினார். “வாசனைன்னு ஒரு கட்டம் இருக்குது. அதுல இன்னா போட்டிருக்கான் தெரியுமா? லேசான கிராம்பு வாசனை. ஏம்மா, உங்க கெணத்துல கிராம்பா காய்க்குது?”

அறையில் இருந்த குமாஸ்தாக்கள் எல்லாம் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அனந்தமதிக்கு அப்போதுதான் உறைத்தது. அடிப்பாவி என்று தன்னையே தலையில் அடித்துக்கொண்டாள்.

“சார், நான் வடிகட்டிக் காய்ச்சிட்டேன் சார். அப்படியே குடுத்தா உசிரு சாவும்னு... அது நெசமான தண்ணி இல்ல சார். இப்பவே வாங்க, வந்து பாருங்க. ஒரே ஒரு தரம் குனிஞ்சு பாருங்க.”

நேமிராஜ் மெல்லக் கனைத்தார். “அண்ணி சொல்றது சரிதான் சார். எங்க வழக்கம் அது. அவங்க மேல தப்பில்ல.” நல்லவர் மாதிரியே பேசினார், பாவி. வடிகட்டாமல் கொடுக்கமாட்டாள் என்று அவருக்கு முதலிலேயே தெரியும். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

அவள் விட்டபாடில்லை. ஆபீஸ் வாசற்படியில் ரெண்டு நாள் உட்கார்ந்தாள். மூணாம் நாள் ராஜாங்கம் சலித்துக்கொண்டே கிளம்பி வந்தார். கொல்லைக்குப் போனார், கிணற்றுச் சுவரில் கைவைத்துக் குனிந்தார். அவ்வளவுதான். கர்சீப்பை எடுக்குமுன்னே காலைச் சிற்றுண்டி முழுக்கச் செம்பருத்திச் செடியடியில் வந்துவிட்டது. அனந்தமதி அவருக்கு வாய் கொப்பளிக்கத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தாள், வடிகட்டினது. ‘இனிமேல் நடவடிக்கை நிச்சயம்’ என்று நினைத்தாள்.

நடவடிக்கை வந்தது. பத்தே நாளில். ஒன்பது மாதம் நகராத சர்க்கார் பத்து நாளில் ஓடி வந்தது. பியூன் பச்சைமுத்து நீளக் கவரைக் கொண்டுவந்து கொடுத்தான். அவள் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தாள். முதல் பத்தி: மனுதாரர் சோதனைக்குக் கொடுத்த நீரைத் தாமே மாற்றியமைத்து அலுவலகத்தின் காலத்தை வீணாக்கியதற்காக எச்சரிக்கப்படுகிறார். ரெண்டாம் பத்தி: மனுதாரரின் கிணறு நேரில் பார்வையிடப்பட்டது. அது துர்நாற்றம் வீசித் தெருவாசிகளின் சுகாதாரத்துக்குக் கேடு விளைவிப்பதால், பொதுச் சுகாதாரச் சட்டப்படி, கிணற்றின் சொந்தக்காரரான மனுதாரர் முப்பது நாட்களுக்குள் அதைத் தமது செலவில் மூடவேண்டும். மில்லைப் பற்றி ஒரு எழுத்து இல்லை. மில்லுக்குச் சொந்தமான தண்ணீர் குட்டையில் விழுந்ததும் யாருக்கும் சொந்தமில்லை. கிணற்றில் ஊறினதும் அனந்தமதிக்குச் சொந்தம். சட்டம் அப்படித்தான் பார்த்தது.

கிணறு வெட்டப் பூதம் கிளம்பின கதையைக் கேட்டிருப்போம். இவள் கிணற்றைக் காப்பாற்றப் போய்க் கிணற்றுக்கே குழி வெட்டிக்கொண்டாள்.

“மூடறதுன்னா? உள்ள இருக்கறதெல்லாம்?” என்றாள் பச்சைமுத்துவிடம். அவனுக்குப் புரியவில்லை. கையெழுத்து வாங்கிக்கொண்டு போனான். உயிரோடு இருக்கிற தண்ணீரை மண்ணள்ளிப் போட்டுப் புதைக்கச் சொல்லி அவளுக்கு உத்தரவு. ஒரு புழுவுக்காகச் சோதனையிலேயே தோற்ற பொம்பளைக்கு!

தனகோட்டி மேல்மனு எழுதிக் கொடுத்தார். பதில் வரவில்லை. முப்பதாம் நாள் காலையில் வாசலில் மாட்டுவண்டி வந்து நின்றது. முன்னால் நேமிராஜ், வெள்ளை வேட்டி, சந்தனம். பின்னால் வண்டி நிறைய மில்லின் உமிச்சாம்பல், மண்வெட்டியோடு ரெண்டு ஆள்.

“அண்ணி, நீங்க தனியா இன்னா பண்ணுவீங்க? உங்களுக்குச் செலவு வேணாம். எங்க மில்லு சாம்பல் சும்மாதான் கெடக்குது. இன்னும் நாலு நடை அடிச்சா கெணறு மட்டமாயிடும். பாவம் உங்களுக்கு வேணாம், ஆளுங்க போடட்டும்.”

அனந்தமதி அவரை மேலும் கீழும் பார்த்தாள். ஆயுசில் யாரையும் ‘சீ’ என்று சொன்னதில்லை அவள்.

“தூ!” என்றாள். எச்சில் சந்தனத்துக்குக் கீழே, மூக்குமேல் விழுந்தது. “மீனைக் கொன்னே, நினைக்காம கொன்னேன்னாங்க. குட்டையைக் கொன்னே, யாருதும் இல்லன்னாங்க. இதுக்கு இன்னா சொல்லப் போறே? இது என் கெணறு. கொல்றவன் யாருன்னு எனக்குத் தெரியணும். ஆளுங்களை அனுப்பிட்டு மண்வெட்டியை நீயே புடி. ஒவ்வொரு கூடையும் உன் கையால கொட்டு. நான் நின்னு பார்க்கறேன்.”

நேமிராஜ் மேல்துண்டால் முகத்தைத் துடைத்தார். தெருவே கூடிவிட்டது. ஆட்கள் ரெண்டு பேரும் மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டு ஒதுங்கினார்கள். நேமிராஜ் மண்வெட்டியைப் பார்த்தார், கிணற்றைப் பார்த்தார். குனிந்து எடுக்கப் போனவர் எடுக்கவில்லை. அவரும் நயினார்தானே, அந்தப் பாவம் என்னவென்று அவருக்கும் தெரியும். வண்டியைத் திருப்பச் சொன்னார்.

மத்தியானம் சுகாதார ஆபீஸ் ஆட்கள் வந்தார்கள். அவர்களுக்கு அந்தப் பாவம் ஒன்றும் தெரியாது. அதே சாம்பலைத்தான் கொண்டுவந்தார்கள், பொழுது சாய்வதற்குள் மூடிவிட்டார்கள். வேலை முடிந்ததும் சட்டப்படி எல்லாம் சரியாக நடந்தது என்று எழுதி, அனந்தமதியிடம் கையெழுத்துக் கேட்டார்கள். அவள் போடவில்லை.