அத்தை கூவாத பேருந்து

இந்த வயதில் என் பேச்சு, வாக்கியத்தின் கடைசிக்கு வரும்போது கரகரவென்று உடைகிறது. பயந்துபோய் நாமக்கல்லில் தொண்டை மருத்துவரிடம் காட்டினேன். மூச்சு குறைகிற இடத்தில் குரல் நாண்கள் தளர்ந்து விட்டுவிட்டு அதிர்கின்றன, அவ்வளவுதான் என்றார். "சில பேருக்குச் சின்ன வயசுலிருந்தே அப்படித்தானுங்க. நோவெல்லாம் இல்லீங்க. கூச்சப்படாமப் பேசுங்க." நிம்மதி வந்திருக்க வேண்டும். எனக்கு வெட்கம்தான் வந்தது.

என் அத்தைக்கு அந்தக் குரல். அப்பாவின் தங்கையான அவள், கணவன் வீட்டை விட்டு வந்து எங்களோடு இருந்தாள். தன் சோற்றுக்கு அண்ணன் கையைப் பார்க்கக் கூடாதென்று, சோளக்காடு என்ற மலையூரில் பேருந்து நிற்கும் இடத்தில் அன்னாசி விற்றாள். "மலை அன்னாசிங்க, தேனுங்க" என்று தெளிவாகத் தொடங்குவாள். கடைசிச் சொல் எண்ணெயில் விழுந்த கடுகாகப் பொரியும். அதைப் பற்றி அவளுக்குக் கவலையே இருந்ததில்லை. சன்னல் சன்னலாகப் போய்க் கூவுவாள்.

நானோ பள்ளியில் செய்யுள் ஒப்பித்துப் பரிசு வாங்குகிறவன். ஒரு விடுமுறையில் கூடை தூக்க உடன் போனேன். கூட்டமான பேருந்து ஒன்று வந்து நின்றது. அத்தை கூவி முடித்ததும், அவளைப் போலவே இழுத்துக் கூவி, கடைசியில் தவளை மாதிரி கரகரத்தேன். பேருந்தே சிரித்தது. நடத்துநர் தலையை நீட்டி, "ஏனுங்கக்கா, பழத்துக்கும் தொண்டை கட்டிருச்சுங்களா?" என்றார். அத்தையும் சிரித்தாள். அதனால் அடுத்த பேருந்துக்கும் செய்தேன்.

அதற்கடுத்த பேருந்துக்கு அவள் வாயே திறக்கவில்லை. பழத்தைச் சன்னலுக்கு நேரே தூக்கிப் பிடித்து நின்றாள். யாரும் வாங்கவில்லை. வண்டி போனபின், "நீயே கூவு சாமி. உன் குரலுதான் நல்லாருக்குது" என்றாள்.

"அப்ப எனக்கு ஒரு முழுப் பழம் தரோணும் அத்தே."

"எடுத்துக்க கண்ணு."

கூவினேன். பொழுது சாய்வதற்குள் கூடை காலியானது.

பள்ளி திறந்து நான் போனபிறகு அத்தை சோளக்காட்டுக்குப் போகவில்லை. அப்பாவின் மரவள்ளிக் காட்டில் களையெடுத்தாள். சாகும்வரை அண்ணன் சோறுதான்.

கூடை காலியான அன்று மாலை என் குரலின் பெருமையை நானே சொல்லிக்கொண்டு வீடுவரை முன்னால் நடந்தேன். பின்னால் வந்த அத்தை ஒரு வார்த்தையும் பேசவில்லை. நான் சொல்வதையெல்லாம் ஒத்துக்கொள்கிறாள் என்று நினைத்தேன்.