சாராள் டீச்சர் நட்ட அடிக்கம்பு

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் சாலமோன் கட்டிய சாரத்தின் உச்சிக்கு ஏறிக் கையை நீட்டினால், ஸ்ரீஹரிகோட்டாவில் கிளம்பும் ராக்கெட்டின் வாலைத் தொட்டுவிடலாம் என்பார் சாராள் டீச்சர். யாராவது முறைத்தால், "சரி சரி, தொட முடியாது. சூடு மட்டும் தெரியும்" என்று கொஞ்சம் இறங்கி வருவார்.

ராக்கெட் பொய், உயரம் பொய்யில்லை. சவுக்குக் கம்பும் தேங்காய்நார்க் கயிறுமாகத் தொடங்கி, பிறகு இரும்புக் குழாயும் கிளாம்புமாக, அந்த வட்டாரத்துப் பாதிப் புகைபோக்கிகளைச் சுற்றி ஏறியவர் அவருடைய கணவர் சாலமோன். வேர்க்கடலைக் கொல்லைகள் ஷெட்டுகளாக மாறிக்கொண்டிருந்த காலம் அது. சாயங்காலம் மீந்த கயிற்றை சைக்கிள் ஹேண்டில்பாரில் சுற்றிக்கொண்டு வருவார். வீட்டுத் துணிக்கொடி, கிணற்று வாளி, கிறிஸ்துமஸ் நட்சத்திரம் எல்லாம் அந்தக் கயிற்றில்தான் தொங்கின. நார் வாசனையும் வியர்வையுமாக வாசலில் நின்று, "டீச்சர், அட்டெண்டன்ஸ் எடுத்துக்கோங்க" என்பார். கட்டிக்கொண்ட நாளிலிருந்து பெண்டாட்டியை அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை.

இரண்டாயிரத்து ஆறில் ஒரு நாள், பாதி கட்டிய சாரத்தின்மேல் நின்றபடி, அடுத்து என்ன செய்வதென்று தெரியாமல் விழித்தார். சூப்பர்வைசர் வீட்டுக்கு அனுப்பிவிட்டான். அடுத்த வாரம், சோறு போட்டுக்கொண்டிருந்த சாராளிடமே, "டீச்சர் இன்னும் ஸ்கூல்லேர்ந்து வர்லியாம்மா?" என்று கேட்டார்.

மின்சார ரயிலேறிச் சென்னைக்குப் போனார்கள். ஆஸ்பத்திரியில் சின்ன வயது டாக்டரம்மா ஸ்கேனை ஓரமாக வைத்துவிட்டுச் சொன்னார்: "இது அல்சைமர்மா. ஒரு நரம்பு செல் இன்னொண்ணுக்குச் சேதி கொடுக்குற இடத்துல, வாங்கிக்கிற பிடிகளை அசையாம தாங்குறதுக்குப் புரதத்தாலயே ஒரு சாரம் இருக்கு. இந்த நோயில, செல் சாகறதுக்கு முன்னாடியே அந்தச் சாரம் தளர்ந்துடுது. சேதி வந்தாலும் பிடிச்சுக்க முடியாம போயிடும்."

சாரம் என்றதும் சாலமோன் நிமிர்ந்தார். "யாருனா பிரிக்கிறாங்களாம்மா, தானா சரியுதா?"

"முழுசா யாருக்கும் தெரியலீங்க ஐயா. ஆனா புதுசா சேர்ந்த ஞாபகம்தான் பெரும்பாலும் முதல்ல போகும். பழசு நிக்கும்."

"அப்ப பிரிக்கிறதுதான்" என்றார் சாலமோன், திருப்தியாக. "கடைசியா கட்னதத்தான் மொதல்ல அவுப்போம். அடிக்கம்பு கடைசி."

திரும்பும் ரயிலில் கவரைப்பேட்டை வரைக்கும் சாராள் கணக்குப் போட்டுக்கொண்டே வந்தார். அவருடைய சாரத்தில் தான் எந்தத் தட்டில் இருக்கிறோம்? கல்யாணத்தின்போது சாலமோனுக்கு முப்பது தாண்டியிருந்தது. தனக்குக் கீழே அவருடைய அம்மா, அக்கா, சொந்த ஊரான பள்ளிப்பட்டில் சின்ன வயதில் மேய்த்த வெள்ளாடுகள் வரைக்கும் இருக்கின்றன. அவையெல்லாம் நிற்க, தான் அவிழ்ந்து போவதா? ஆட்டுக்கு அப்புறம் வரிசையில் நிற்கச் சாராள் தயாராக இல்லை.

மறுநாளே அடிக்கம்பு நட ஆரம்பித்தார். "ஏங்க, ஞாபகம் இருக்குதா? பள்ளிப்பட்டு ஆத்தங்கரை. நீங்க அரை டிராயரு, நானு பாவாடை. உங்க வெள்ளாடு என் சிலேட்டத் தின்னுடுச்சு."

சாராள் பள்ளிப்பட்டைக் கண்ணால் பார்த்ததே கல்யாணத்துக்குப் பிறகுதான். ஆனாலும் தினமும் காலை நாஷ்டாவோடு அந்தக் கதையும் பரிமாறப்பட்டது. போகப் போக ஆட்டுக்குக் கொம்பு நீண்டது. ஆற்றில் வெள்ளம் வந்தது. சாலமோன் நீந்திப் போய்ப் பல்பத்தை மீட்டார். நாற்காலியில் உட்கார்ந்தபடி கேட்டுச் சிரிப்பார். டீச்சர் என்று கூப்பிடுவதும் நின்றுபோயிருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பக்கத்து வீட்டுக் கமர் நிஷா பிரியாணிக் கிண்ணத்தோடு வந்தாள். "அண்ணனை எப்படிக்கா புடிச்ச?" என்று அவள் கேட்டதுதான் தாமதம், சாராள் ஆட்டை அவிழ்த்துவிட்டார்.

"சிலேட்டயா தின்னுச்சு?" கமர் நிஷா வாயைப் பிளந்தாள். "யக்கா, அது ஆடா, மாவு மிஷினா?"

"சட்டத்தோட சேத்துத்தான் தின்னுச்சு. அப்பவே இவரு என்னப் பாத்து..."

"பொய்யி."

நாற்காலியிலிருந்து சாலமோன்தான். பல நாளாகப் பேசாத தொண்டை கரகரத்தது.

"ஆடு, சிலேட்டு அல்லாம் பொய்யிம்மா. ஸ்கூலுக்கு வெள்ளையடிக்க சாரம் கட்டிக்கினு இருந்தேன். கீயேர்ந்து ஒரு குரலு, 'யோவ், எறங்குய்யா, புள்ளைங்க பாடத்த உட்டுட்டு உன்னியே பாக்குதுங்க'ன்னு. குனிஞ்சி பாத்தா, புள்ளைங்க போர்டத்தான் பாத்துக்கினு இருந்துச்சிங்க. என்னப் பாத்துக்கினு இருந்தது டீச்சரு."