அனந்தநாதனின் ஐந்து இங்கிலீஷ் பாட்டுகள்

முன்னறையிலிருந்து தம் தம்மென்று டிரம்ஸ் சத்தம் கேட்டதும், அடுக்களையில் வடை தட்டிக்கொண்டிருந்த ஜெயமதியம்மாள் மாவுக் கையோடு தலையில் அடித்துக்கொண்டாள். மகன் டேப் ரிக்கார்டரைப் போட்டுவிட்டான். அதுவும் இன்றைக்கு.

அனந்தநாதன் திண்டிவனத்தில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலை மண்டியில் எடை போடுகிறவன். வயது முப்பத்திரண்டு. கோட்டக்குப்பத்து நண்பன் துபாயிலிருந்து கொண்டுவந்து தந்த டேப் ரிக்கார்டரும், ஐந்து இங்கிலீஷ் பாட்டு பதிந்த ஒரே கேசட்டும்தான் அவன் உயிர். இங்கிலீஷ் பாதிதான் புரியும். மீதியைக் கண்ணீரால் நிரப்பிக்கொள்வான். பால்காரர் முதல் வீட்டு வரி கேட்டு வந்தவர் வரை, ஐந்தையும் கேட்காமல் யாரும் அந்த வாசலைத் தாண்டியதில்லை.

இன்று அகப்பட்டவர் தரணேந்திரன். செஞ்சிப் பக்கத்து ஜினமதியின் தாய்மாமன். ஜினமதியைப் பெண் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து அனந்தநாதனுக்குத் தூக்கமில்லை. மாமன் இந்த வீட்டில் கை நனைத்தால் சம்பந்தம் முடிந்தது. நனைக்காமல் எழுந்தால் முறிந்தது. சமணக் குடும்பங்கள். பொழுது சாய்ந்தபின் ஒரு பருக்கை தொடமாட்டார்கள். அதனால் ஐந்து மணிக்கே இலை போடுவதாக ஏற்பாடு.

அதற்குள் ஒரே ஒரு பாட்டு என்றுதான் அவன் ஆரம்பித்தான். முதல் பாட்டில் கிதார் அழுகிறது என்றான். இரண்டாவதில் காதலி ரயிலேறிப் போகிறாள் என்றான். எங்கே போனாளோ, பாடியவருக்கே வெளிச்சம். விளக்கம் சொல்லி, ரீவைண்ட் செய்து, ஒவ்வொன்றையும் மறுபடி மறுபடி போட்டான். மூன்றாவது பாட்டுக்குப் பெரியவரின் கால் விரல் தாளம் போட்டது.

ஜெயமதியம்மாள் இரண்டு முறை குரல் கொடுத்தாள். அந்தச் சத்தத்தில் கேட்கவில்லை. பொறுக்க முடியாமல் அவளே வந்தபோது நாலாவது பாட்டு முடிந்திருந்தது. ஜன்னலுக்கு வெளியே வெளிச்சமும் முடிந்திருந்தது.

"அண்ணே, பொழுது சாஞ்சிடுச்சே," என்றாள்.

அனந்தநாதன் டேப்பை நிறுத்தினான். நாலு பாட்டுக்கு ஒரு வாழ்க்கையையே கொடுத்துவிட்டோமே என்று மன்னிப்புக் கேட்டான்.

தரணேந்திரன் எழுந்து துண்டை உதறினார். "உன்ன மட்டும் சொல்லி என்னா தம்பி? நானுந்தான் வானத்தப் பாக்காம கேட்டுக்கினு இருந்தேன். ஊர்ல சொன்னா சிரிப்பாங்க."

பிறகு, ஐந்தாவது பாட்டு எதைப் பற்றி என்று கேட்டார்.

"ஒருத்தன் காத்துக்கினு இருக்கான், மாமா. அவ்ளோதான்."

பெரியவர் கையை நீட்டினார். "அந்தக் கேசட்ட குடு. அவ வீட்லயும் ஒரு பாட்டுப் பொட்டி இருக்கு, ஜினமதி கேக்கட்டும். அவளும் பொழுத மறந்தான்னா, ஞாயித்துக்கிழம விடிஞ்சதும் சாப்புட வர்றேன். அன்னிக்கு இந்தப் பொட்டி மூடியே இருக்கணும்."

யாருக்கும் இரவல் தராத கேசட்டை அவன் இரண்டு கையாலும் எடுத்துக் கொடுத்தான். பெரியவர் அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு செஞ்சி பஸ்ஸைப் பிடிக்க நடந்தார். தெருமுனையில் அவர் மறைந்த பிறகும் வாசலிலேயே நின்ற மகனை உள்ளே இழுத்து, ஜெயமதியம்மாள் கதவைச் சாத்தினாள்.